பத்தாவது வார்த்தை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. சிப்போராள் அன்றைக்கு வாயைத் திறந்து பேசினது ரொம்பக் கொஞ்சம். மற்றதெல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓடினது. உள்ளுக்குள் ஓடுகிறது தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை. வெயில் ஏறியும் காற்றில் குளிர் விடாத காலை. கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் சிப்போராள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மகன் அசரியாவின் துண்டும் உலர்ந்த வேட்டியும். பக்கத்தில் தாமார் மைனி, அவள் மடியில் அவள் புருஷன் பெனாயாவின் சட்டை. ஆண்கள் முழுக்குப் போடும்போது பெண்கள் கண் அந்தப் பக்கம் போகக் கூடாது, அது அவர்கள் யூத சனத்தின் வழக்கம். அதனால் முதுகுக்குப் பின்னால் கடலும் பத்து ஆண்களும். முகத்துக்கு நேரே உப்பளம். இந்த உப்பளத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நாற்பத்தொரு வருஷமாக அவள் இந்தக் கரைப்பக்கமே வராமல் இருந்தாள். இன்றைக்கு முகத்தைத் திருப்ப வேறு திசை இல்லை.

பாத்தி மிதிக்கிறார்கள், இந்த மாசத்தில்தான் மிதிப்பார்கள், சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக விளையும், இது யார் சொன்னது, மாடத்தி சொன்னது, பெரியாஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் ரெண்டு பேரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடந்தபோது சொன்னது, குதிகால் ரெண்டும் உப்புத்தண்ணீரில் வெடித்து வாய் பிளந்து இருந்தது அவளுக்கு, பத்தொன்பது வயசு இருந்தால் அதிகம், புருஷன் எங்கே என்று கேட்டால் பதிலுக்குச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் கேட்டவளுக்குத்தான் வெட்கம் வரும், சிப்போராள் பெற்றது ரெண்டாம் நாள் உயிரை விட்டது, மாடத்தி பெற்றது கத்தோ கத்தென்று கத்தினது, அந்தச் சத்தத்தை அவள் கேட்டாளோ இல்லையோ, ரத்தம் நிற்காமல் அன்று மத்தியானமே போய்ச் சேர்ந்தாள், தேடி வர ஒரு நாதி கிடையாது, சிப்போராளின் புருஷன் மனாசே வந்தான், இந்தக் கட்டிலைப் பார்த்தான், அந்தக் கட்டிலைப் பார்த்தான், வெளியே போய் ஒரு பீடியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, “பால் இருக்கா உனக்கு?” என்று மட்டும் கேட்டான். இருந்தது. அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் புருஷனும் பெண்சாதியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று கூட இல்லை, பேசினால் தங்களுக்கே கேட்டுவிடும் என்றுதான்.

பின்னால் தண்ணீர் சளப்பென்றது. “கோஷேர்!” என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின. சரியாக முங்கினான், சுத்தம் என்று அர்த்தம். சனத்துக்கு மூத்தவரான எலியாசர் அண்ணாச்சியின் குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. மற்ற ரெண்டும் கரையிலிருந்து.

“நாலு,” என்றது அவள் மனசு. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எண்ணக் கூடாது. மனுஷரை ஒன்று, ரெண்டு என்று எண்ணக் கூடாது, எண்ணினால் எண்ணப்பட்டதில் ஒன்று குறையும், சின்னப் பிள்ளையிலிருந்து இதை அவள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேர்ந்தார்களா என்று பார்க்க அவர்களிடம் ஒரு ஜெபவரி இருக்கிறது, எபிரேயத்தில், சரியாகப் பத்து வார்த்தை. எலியாசர் அண்ணாச்சி ஒவ்வொரு ஆளின் தோளையும் தொட்டு ஒரு வார்த்தை வைப்பார். பத்தாவது வார்த்தை ‘ஓலாம்’. என்றென்றைக்கும் என்று பொருள். ஓலாம் விழுந்தால் பத்து நிறைந்தது, பெட்டியைத் திறக்கலாம், வேதம் எழுதின தோல்சுருளை எடுத்து வாசிக்கலாம், செத்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லலாம். விழாவிட்டால் ஒன்பது பேரும் அவரவர் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் ஆளை எண்ணவில்லை, முழுக்கை எண்ணினேன், முழுக்கை எண்ணலாம், முழுக்குக்கு உயிரா இருக்கிறது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லியும் நெஞ்சு ஆறவில்லை.

“உன் மகன் கடைசிதானே?” என்றாள் தாமார்.

“கடைசிதான் மைனி. எப்பவும் அவன் கடைசிதானே.”

“ஆமா. ஓலாம்காரன்.” தாமார் சட்டையை உதறி மடித்தாள். “எனக்கென்னவோ எலியாசர் அண்ணாச்சியை நெனச்சாதான் பயமா இருக்கு. நெஞ்சுல ரெண்டு கம்பி வச்சிருக்கு. எம்பத்திரண்டு வயசு. டாக்டர் பச்சைத்தண்ணியில குளிக்கவே கூடாதுன்னுட்டான். இவுக என்னடான்னா முதல் ஆளா இறங்குனவுக ஏறவே இல்ல. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தனா கையைப் புடிச்சு முக்கிக்கிட்டிருக்காக.”

“சொன்னா கேக்கவா போறாக.”

“யார் சொல்றது? எல்லாம் இவுக கிளப்பிவிட்டதுதானே.”

ஆமாம், அவர் கிளப்பினதுதான். அதில்தான் சிப்போராளின் நினைப்பு ஒரு வாரமாக முள்ளில் மாட்டின சேலை மாதிரி மாட்டிக்கொண்டு கிழிந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் யூதப்பள்ளி எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் முழிப்பார்கள். பூட்டுப்பள்ளி என்றால் கொண்டுபோய் வாசலில் விடுவார்கள். பத்தொன்பது வருஷப் பூட்டு. ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டி இஸ்ரவேலுக்குப் போனது, போனவர்கள் முதல் வருஷம் கடிதம் போட்டார்கள், ரெண்டாம் வருஷம் போட்டோ அனுப்பினார்கள், அப்புறம் ஒன்றும் இல்லை, மிஞ்சினவர்களில் சரியாகப் பத்து ஆண்களை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பத்தில் ஒருவன் மனாசே. மனாசே கண்ணை மூடினான், பத்து ஒன்பதாயிற்று. செத்தவனுக்காகச் சொல்ல வேண்டிய ஜெபத்துக்குச் செத்தவனே ஆள் குறைவாகப் போனான். அப்பாவுக்கு அந்த ஜெபத்தைச் சொல்ல முடியவில்லையே என்று இருபத்திரண்டு வயசில் அசரியா பள்ளியின் வாசல்படியில் உட்கார்ந்து அழுதான், அன்றைக்குத்தான் எலியாசர் அண்ணாச்சி கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டினது பூட்டினதுதான், ஐந்து மாசத்துக்கு முன்னால் வேதகுருவாக இந்த ரப்பி யோனத்தான் வந்து இறங்குகிற வரைக்கும். வெளிநாட்டுப் பையன், இருபத்தொன்பது வயசு, செம்பட்டைத் தாடி. பழைய வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகத் தமிழ் படித்தவன். முதல் நாள் வாசலில் வந்து நின்று, “ஸ்திரீகளே, உங்களுக்குச் சமாதானம், இதோ நான் வந்திருக்கிறேன்” என்றான். தாமார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். “மோசே மலையிலேருந்து எறங்கி வந்து ஒரு டீ குடுங்கன்னு கேட்ட மாதிரி இருந்துச்சுடி” என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்க வைத்தவன்தான் பூட்டைத் திறந்தான். வௌவால் எச்சத்தைக் கழுவினான், கிழவர்களை வீடு வீடாகப் போய் எழுப்பினான், நெஞ்சு வலி என்கிறவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊர்க்காரர்கள் ஒன்பது, அவனோடு பத்து. நாளை ஓய்வுநாள், நாளைக்குப் பத்தொன்பது வருஷத்துக்கப்புறம் தோல்சுருள் வாசிப்பு. அவனை அனுப்பினவர்கள் கறாராகச் சொல்லியிருக்கிறார்கள், வாராவாரம் பத்துப் பேர் நின்றால் அவன் இங்கே இருக்கலாம். நிற்கவில்லையென்றால் சுருள் வேறு தேசத்துக்குப் போகும், கட்டிடம் காட்சிசாலையாகும்.

அந்தப் பத்தில் ஒருவன் மாடத்தி பெற்ற பிள்ளை.

அவர்கள் சனத்தில் பிள்ளை தாய்வழி. தாய் யாரோ பிள்ளை அது. வெளியே பிறந்ததைச் சேர்க்க வழி இல்லாமல் இல்லை, மூன்று பேர் சாட்சியாக நின்று, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டு, அவன் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, தலைமுடி மிதக்காமல் தண்ணீருக்குள் முங்கி எழுந்தால் போதும், அன்று பிறந்த பிள்ளைக்குச் சமம். ஆனால் அதைச் செய்ய வேண்டுமானால் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமே. எட்டாம் நாள் விருத்தசேதனம் நடந்தது, பதின்மூன்றாம் வயசில் சுருள் வாசித்தான், எல்லாம் பொய்யின் மேல் கட்டின வீடு, ஆனால் வீடு, நாற்பத்தொரு வருஷம் குடியிருந்த வீடு. இப்போது அவன் சனிக்கிழமை வேலைக்குப் போவதில்லை, கப்பல் ஏஜென்சிக்காரன் திட்டுகிறான், கூட்டாளி வீட்டில் இறால் குழம்பைத் தொடுவதில்லை, தலையில் குல்லா, வாயில் எந்நேரமும் ஜெபம், “அம்மா, இத்தனை வருஷம் தூங்கிட்டே இருந்திருக்கேன், இப்பதான் நான் யாருன்னு எனக்குத் தெரியுது” என்று போன வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவள் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. சொன்னால் அவன் போய்விடுவான், கூடவே பள்ளியும் போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவனைப் பெயர் சொல்லிச் சுருளுக்கு அழைப்பார்கள், மனாசேயின் மகன் அசரியா என்று, பத்து நிறையாத இடத்தில் கடவுள் பெயரை வீணாகச் சொல்லுவார்கள், எட்டுக் கிழவர்களும் அந்த அப்பாவி ரப்பிப் பையனும், அந்தப் பாவம் யார் தலையில். விடியும்போது முடிவெடுத்திருந்தாள். முழுக்கு முடிந்ததும் ரப்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது. என்ன சொல்வது, முதல் வார்த்தை எது, என் மகன் என் மகன் இல்லை என்றா, இல்லை, ஒரு உப்பளத்துக்காரி இருந்தாள் என்று தொடங்கலாம், இருந்தாள் என்றா, செத்தாள் என்றா.

சளப். “கோஷேர்!”

ஐந்து. சீ. முழுக்கு. முழுக்குதான்.

“ஆமா, எனக்கொண்ணு புரியல,” என்றாள் தாமார். “இந்தக் கத்தல் நாம மாசாமாசம் முங்கும்போதுதானே கத்துவாக, மேல ஒரு முடி மிதந்தாலும் செல்லாதுன்னு. ஆம்பளை ஓய்வுநாளுக்கு முன்னாடி முங்கினா யார் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? இதுக்கு மூணு சாட்சி வேற.”

“தெரியல மைனி.”

“பத்தாததுக்கு ஒவ்வொருத்தனையும் ஏத்துக்கிறியா ஏத்துக்கிறியான்னு கேள்வி. கல்யாணம் பண்ற மாதிரி.”

அந்த நேரம் பார்த்துப் பின்னால் எலியாசர் அண்ணாச்சி கேட்டார், குளிரில் பல் கிட்ட, “பெனாயா, மோசே வழியா வந்ததையெல்லாம் ஏத்துக்கிறியா?”

“அம்பது வருஷமா தாமாரையே ஏத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி. இதை ஏத்துக்க மாட்டேனா?”

கரையில் சிரிப்பு. “கரைக்கு வரட்டும் அந்த ஆளு,” என்றாள் தாமார், அவளுக்கும் சிரிப்பு. “பாரு, இவரு முங்கினா கடல் ஒரு அடி ஏறும்.” ஏறின மாதிரிதான் சத்தம் கேட்டது.

சிப்போராளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூணு சாட்சி. தாமார் விளையாட்டாகத்தான் சொன்னாள், அது உள்ளே விழுந்து வட்டம் வட்டமாக விரிந்தது. மூணு சாட்சி, ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு முழுக்கு. இது ஓய்வுநாள் முழுக்கு இல்லையே. இதை அவள் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறாள், ஏழு வயசில், ஒரு தச்சன் மகள் அவர்கள் சனத்தில் வாழ்க்கைப்பட வந்தபோது. அன்றைக்கும் இதே கேள்வி, இதே மூணு குரல். எலியாசர் அண்ணாச்சி, என்ன செய்கிறீர்கள்?

போன வாரத்தை மறுபடியும் ஆதியிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஒத்திகைக்காகப் பள்ளியில் கூடியிருந்தார்கள், பெண்கள் மாடத்தில், மரச்சல்லடைக்குப் பின்னால். எலியாசர் அண்ணாச்சி எண்ண ஆரம்பிக்கும் முன், எப்போதும் சொல்வது போல, “புத்தகத்தைப் பிடி, அசரியா” என்று சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன ஐந்தாகமப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பத்து வயசிலிருந்து கொடுக்கிறார். ராசியான கை, விட்டுவிடாதே என்பார். என் பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை என்று அவள் சல்லடைக்குப் பின்னால் பூரித்திருக்கிறாள், எத்தனை ஓய்வுநாள், எத்தனை பண்டிகை. அப்போதுதான் அந்த ரப்பி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான், “ஐயா, இது என்ன? ஒன்பது புருஷர் இருந்து பத்தாவது ஆள் இல்லாதபோது, பதின்மூன்று வயதாகாத பிள்ளையாண்டானின் கையில் புஸ்தகத்தைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுவது சில தேசங்களின் பழைய வழக்கம் அல்லவா? இவனோ வளர்ந்த புருஷனாயிருக்கிறானே.” அண்ணாச்சி ஒரு நொடி பேசவில்லை. மாடத்திலிருந்து பார்த்தவளுக்கு அந்த ஒரு நொடி தெரிந்தது. அப்புறம் சிரித்து, “இது எங்க ஊர் வழக்கம் தம்பி” என்றார். அந்தப் பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அவன் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறவன். மறுநாள் அண்ணாச்சி எல்லாரையும் கூப்பிட்டு, “பத்தொம்பது வருஷம் பூட்டுல துரு ஏறிக் கிடந்துச்சு, நம்ம மேல ஏறியிருக்காதா? சுருளைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லாரும் கடல்ல முங்கணும், மூணு சாட்சியோட, வாக்குக் குடுத்து முங்கணும். எங்க ஊர் வழக்கம்” என்றார். ரப்பி அதையும் எழுதிக்கொண்டான். அவர்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

அப்படியானால் பத்து வயசிலிருந்து. பதின்மூன்றுக்கு அப்புறமும். அவர் என் மகனை ஒரு நாளும் ஆளாக எண்ணவில்லை. புத்தகத்தை எண்ணியிருக்கிறார். மரியாதை என்று நான் பூரித்ததெல்லாம் ஒரு ஊனத்துக்குக் கட்டின துணி. அண்ணாச்சிக்குத் தெரியும். தெரியும், தெரியும், எப்படித் தெரியும், மனாசே சொல்லமாட்டான், ஆஸ்பத்திரியில் இவர் கால் வைக்கவில்லை, கல்லறைச் சாவி, ஐயோ, கல்லறைச் சாவி. கல்லறைத் தோட்டத்துச் சாவி அன்றைக்கும் இன்றைக்கும் அவரிடம்தான். பிள்ளை செத்த அன்று, அப்பா கல்லறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனாசே சாவி கேட்டு வாங்கிக்கொண்டு போனான், ஒரு துணிப்பையோடு, பட்டப்பகலில். அப்பா கல்லறையைப் பார்க்கப் போகிறவன் மண்வெட்டியை ஏன் கழுவி வைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. மேற்குச் சுவரோரம் பெயரில்லாத ஒரு சின்னக் கல் இருக்கிறது, முழங்கை அளவு, வருஷா வருஷம் யாரோ அதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். தோட்டக்காரன் என்று நினைத்திருந்தாள். மற்றக் கல்லுக்கெல்லாம் அடிக்காத தோட்டக்காரன். அவள் அந்தக் கல்லின் பக்கம் போனதில்லை, போனால் யாராவது பார்ப்பார்கள் என்று, ரெண்டு நாள் வாழ்ந்த தன் பிள்ளைக்கு வழக்கப்படி ஒரு கூழாங்கல் வைக்கக்கூடப் போனதில்லை. அவர் போயிருக்கிறார். நாற்பத்தொரு வருஷம் அவர் போயிருக்கிறார், கையில் சுண்ணாம்பு வாளியோடு. அதே கையால் மறுநாள் வந்து என் மகனிடம் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். இதற்கு அவரைக் கும்பிடுவதா, அவர் முகத்தில் காறித் துப்புவதா. ஒரு வார்த்தை, அண்ணாச்சி, ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை, உன் கதை எனக்குத் தெரியும் சிப்போரா என்று மாடிப்படியில் வைத்துச் சொல்லியிருந்தால் நான் இத்தனை வருஷம் தனியாக வெந்திருப்பேனா. சொன்னால் எனக்குத் தாங்காது என்று நினைத்தீர்களோ. இல்லை, சொன்னால் உங்கள் பத்து போய்விடும் என்றா.

சளப். கோஷேர். சளப். கோஷேர். சளப். கோஷேர். ஏழு, எட்டு, ஒன்பது, தன்னையறியாமல் உதடு அசைந்தது. ஒன்பதாவது ரப்பி. “இதோ, தண்ணீர் மிகவும் குளிராயிருக்கிறது!” என்று அலறிக்கொண்டு எழுந்தான் போலிருக்கிறது, கிழவர்கள் சிரித்தார்கள். எலியாசர் அண்ணாச்சி சிரிக்கிற சத்தம் மட்டும் வரவில்லை. இருமல் வந்தது. நீளமான இருமல்.

“ஏறி வாங்க அண்ணாச்சி, போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்,” என்று பெனாயா கத்தினார்.

“இவன் ஒருத்தன்தான். வாலே அசரியா.”

இவன் ஒருத்தன்தான். இவன் ஒருத்தனுக்காகத்தான், சிப்போராளுக்கு இப்போது முழுக்கத் தெரிந்தது. ஒன்பது பேரை நனைத்தது ஒருவனை நனைக்க. காலையில் அவளைத் தாண்டிப் போகும்போது அண்ணாச்சி, “துண்டு ஒண்ணுதான் கொண்டாந்தியா? இன்னைக்குப் பொறந்த பிள்ளை மாதிரி நடுங்கப்போறான் உன் மகன்” என்று சொல்லிக்கொண்டே போனார், நின்று கூடச் சொல்லவில்லை, அவளும் கிழவர் பேச்சு என்று விட்டுவிட்டாள். இன்றைக்குப் பிறந்த பிள்ளை. எனக்குத்தான் சொல்லியிருக்கிறார். எதிரே பாத்தியில் ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தாள், என்ன கூத்து இது என்று, முகம் தெரியாத தூரம், கால் மட்டும் சேறு பூசித் தெரிந்தது. மாடத்தி, உன் பிள்ளையை முக்குகிறார்கள். உன் கடலில்தான்.

“மோசே வழியா வந்ததையெல்லாம் ஏத்துக்கிறியா, அசரியா?”

“ஏத்துக்கிறேன் பெரியப்பா. முழு மனசோட.”

“தெரிஞ்சு சொல்றியா?”

இதை வேறு யாரிடமும் அவர் கேட்கவில்லை. தெரிந்தா? என்ன தெரிந்து? அவனுக்கு என்ன தெரியும்? தெரியாமல் ஏற்றுக்கொண்டது செல்லுமா, செல்லாதா, அதை யாரிடம் கேட்பது?

“பொறந்ததிலேருந்து தெரிஞ்சதுதானே பெரியப்பா,” என்றான் அவள் மகன்.

“சரி. முங்கு” என்றார் அண்ணாச்சி. அந்தச் சரியில் எவ்வளவு சரி இருந்தது என்று அவளால் அளக்க முடியவில்லை. சளப். தண்ணீர் மூடின சத்தம், திறக்காத சத்தம், அது திறக்கிற வரைக்கும் அவளும் உள்ளே இருந்தாள், காதடைத்து, கண்ணெல்லாம் உப்பு, பிறகு அவன் மூச்சை வாங்கிக்கொண்டு எழுந்தான், சின்னப் பிள்ளையில் குளிப்பாட்டும்போது எழுகிற அதே மூச்சு. “கோஷேர்! கோஷேர்! கோஷேர்!” மற்றவர்களுக்கு ஒரு தரம், இவனுக்கு மூணு தரம். மூணாவது தரம் அண்ணாச்சி குரல் உடைந்திருந்தது.

“பத்து,” என்றாள் சிப்போராள், வாய்விட்டு.

“ஏண்டி, என்னத்தை எண்ணுற?” தாமார் பதறி அவள் தொடையில் அடித்தாள். “ஆளையா எண்ணினே?”

“முழுக்கை மைனி. முழுக்கைத்தான்.”

இனிமேல் ரப்பியிடம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டியதில்லையா? அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளலாம், நாளைக்கு வாசிப்பு முடிந்ததும் மாடிப்படியில் நிறுத்தி, செல்லுமா அண்ணாச்சி என்று ஒரே ஒரு கேள்வி, அவர் செல்லும் என்றால் செல்லும். இந்த உலகத்தில் தெரிந்தது ரெண்டு பேருக்கு. ரெண்டு பேர் என்பது ஒருத்தியை விட எவ்வளவு பெரிய கூட்டம். நாற்பத்தொரு வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்குத் தோளில் காற்றுப் படுகிற மாதிரி இருந்தது. பின்னால் ஈர மணலில் கால்கள் ஏறி வந்தன. கரையிலேயே நன்றி ஜெபம் சொல்லிவிட்டுப் போவதாகப் பேச்சு. வரிசை கட்டுகிறார்கள். இப்போது அண்ணாச்சி எண்ணுவார், இப்போது சொல்லுவார், புத்தகத்தைப் பிடி, அசரியா.

சொல்லவில்லை.

முதல் வார்த்தையே நேராக வந்தது. சிப்போராள் வழக்கத்தை விட்டாள். திரும்பிப் பார்த்தாள். அசரியா வரிசையின் முதல் ஆளாக நின்றான், தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, நடுங்கிக்கொண்டு, வெறுங்கையோடு. பழக்கத்தில் வலது கையைப் புத்தகத்துக்கு நீட்டினபடியே நின்றான், அதைக் கண்டுகொள்ளாமல் அண்ணாச்சி அவன் தோளில் முதல் வார்த்தையை வைத்துவிட்டு நகர்ந்திருந்தார். ரெண்டாவது, மூணாவது. நிதானமாக. ஒவ்வொரு தோளிலும் கை வைத்து, வைத்த கையிலேயே தன் பாரத்தையும் கொஞ்சம் வைத்து. உதடு நீலம் பாரித்திருந்தது. எட்டாவது வார்த்தை பெனாயாவுக்கு. அவர், “அண்ணாச்சி, உக்காருங்க” என்று கையைப் பிடித்தார், அண்ணாச்சி உதறிவிட்டு ஒன்பதாவதை ரப்பியின் தோளில் வைத்தார். பத்தாவது வார்த்தைக்கு மிச்சம் அவர் ஒருவர்தான். இத்தனை வருஷமாக முதல் வார்த்தை அவருடையதாக இருந்தது, கடைசி அவள் மகனுடையதாக இருந்தது. இன்றைக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். அவர் முழங்கால் மடங்கினது. விழுந்தார் என்று சொல்ல முடியாது, யாரோ உட்காரச் சொன்ன மாதிரி ஈர மணலில் உட்கார்ந்தார். “பெரியப்பா!” என்று அசரியா பாய்ந்து வந்து தாங்கினான். ரப்பி தமிழை மறந்து என்னவோ பாஷையில் கத்தினான். துண்டும் வேட்டியும் மடியிலிருந்து நழுவ சிப்போராள் எழுந்து நின்றாள், ஒன்பது, என்றது அவள் மனசு, ஒன்பது, ஒன்பது, வாயை மூடு, எண்ணினது நீதானே, முழுக்கென்றா எண்ணினாய், மனாசே போனபோது எப்படியோ அப்படியே, நாளைக்கு இவருக்கே சொல்ல வேண்டிய ஜெபத்துக்கு இவரே ஆள் குறைவு, அண்ணாச்சி, இருங்கள், ஒரு கேள்வி இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி. அவர் கண் அசரியாவின் தலைக்கு மேலாக வந்து அவளிடம் நின்றது. ஓலாம் என்பதற்கு உதடு குவிந்தது. சத்தம் வந்ததா இல்லையா என்பது அலையில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கை எழுந்தது. ஒன்பது பேருக்கும் வைத்தது போலவே, அதே நிதானத்தோடு, அந்தக் கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அந்த மனுஷன் கடைசியாகச் செய்தது அதுதான்.